விற்பவருக்கு வேண்டிய வேகம்: சிறு தொழில்களும் அதிவேக இணையமும்

இணைய இணைப்பு விற்கும் கம்பனிகளின் விளம்பரப் பலகைகளில் பெரிய எழுத்தில் நிற்பது எப்போதும் ஒரேயோர் எண்தான். மட்டக்களப்பு நகரில் நின்று பார்த்தாலும் கல்முனையில் நின்று பார்த்தாலும் அந்த எண் பதிவிறக்க வேகத்தையே குறிக்கும்; அதாவது, வெளியுலகிலிருந்து நம்மிடம் ஒன்று எவ்வளவு விரைவாக வந்து சேரும் என்பதை. படம் பார்ப்பவருக்கும் செய்தி வாசிப்பவருக்கும் அது போதுமான தகவல். ஆனால் சேலை நெய்து விற்பவரும், விடுதி நடத்துபவரும், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரரும் இணையத்தில் செய்யும் வேலையைக் கவனித்தால், அதில் பாதிக்கு மேல் வாங்குவதல்ல, அனுப்புவதாகவே இருக்கும். பொருளின் படத்தை அனுப்புகிறார்கள், வீடியோ அழைப்பில் சரக்கைக் காட்டுகிறார்கள், பில்லை அனுப்புகிறார்கள், கணக்கைப் பதிகிறார்கள். ஆகவே, அதிவேக இணையம் தம் தொழிலுக்கு என்ன நன்மை தரும் என்று கேட்பவர், பலகையில் எழுதப்படாத மேலேற்ற வேகத்தையும் (நாம் அனுப்புவது எவ்வளவு விரைவாக வெளியே போகும் என்பது), இணைப்பின் சீரான தன்மையையும் முதலில் விசாரிக்கப் பழக வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

அடிப்படை: மூன்று அளவுகள்

அகலப்பட்டை இணையம் என்பது, எப்போதும் இணைந்த நிலையில் இருப்பதும், ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தாங்கக்கூடியதுமான இணைப்பு. எந்த வேகத்துக்கு மேல் அதனை அகலப்பட்டை என்று அழைக்கலாம் என்பதில் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கோடு இல்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு 2015ஆம் ஆண்டில் பதிவிறக்கத்துக்கு செக்கனுக்கு 25 மெகாபிட், மேலேற்றத்துக்கு 3 மெகாபிட் என்று ஓர் எல்லையை வகுத்தது. 2024இல் அதனை முறையே 100, 20 என உயர்த்தியது. இதில் நம் கவனத்துக்குரியது, பதிவிறக்க எல்லை நான்கு மடங்காக உயர்ந்தபோது மேலேற்ற எல்லை ஏறத்தாழ ஏழு மடங்காக உயர்ந்தது என்பதுதான். வீட்டிலும் கடையிலும் இருந்தவர்கள் வெறும் பார்வையாளராக இருந்த காலம் போய், தாமும் அனுப்புபவராகிவிட்டார்கள் என்பதை ஒழுங்குமுறையாளரும் ஏற்றுக்கொண்டதாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு பலரைக் குழப்பும். இணைய வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவோ மெகாபைட்டில் காட்டப்படுகிறது. ஒரு பைட் என்பது எட்டு பிட். ஆகவே செக்கனுக்கு 100 மெகாபிட் என்று விற்கப்படும் இணைப்பில், எல்லாம் சரியாக இருந்தால், ஒரு செக்கனில் இறங்குவது 12.5 மெகாபைட்தான். "நூறு என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்ற முறைப்பாடுகளில் சில, இந்த எட்டால் வகுக்க மறந்ததால் எழுபவை. மற்றவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

பதிவிறக்கம், மேலேற்றம் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தாமதம். நாம் அனுப்பிய ஒரு சிறு துணுக்கு மறுமுனைக்குச் சென்று பதில் திரும்ப எடுக்கும் நேரம் அது, மில்லிசெக்கனில் அளக்கப்படும். இந்த மூன்றையும் விளங்கிக்கொள்ள மட்டக்களப்பாருக்குக் கல்லடிப் பாலத்தை விடப் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை. 1924இல் கட்டப்பட்ட பழைய பாலமும், அதனருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் கடக்கும் வாவி ஒன்றுதான். தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நள்ளிரவில் தனியாக ஒரு மோட்டார் சைக்கிளில் கடப்பவருக்கு இரண்டிலும் ஆகும் நேரத்தில் பெரிய வேறுபாடு இராது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் லொறிகளும் பஸ்களும் ஒன்றாக வந்து சேரும்போதுதான் அகலத்தின் அருமை தெரியும். பாலத்தின் அகலம் இணைப்பின் வேகம். பாலத்தைக் கடக்கும் நேரம் தாமதம். நகருக்குள் வரும் திசைக்கு மூன்று வழிகளும் வெளியேறும் திசைக்கு ஓர் ஒடுங்கிய வழியும் ஒதுக்கப்பட்டிருந்தால், அதுவே பழைய வகை இணைப்புகளில் மேலேற்றத்தின் நிலை.

கம்பி, கண்ணாடி இழை, கோபுரம், செய்மதி

அந்த ஒடுங்கிய வழி எதனால் வந்தது என்பதை அறிந்தால், எந்த வகை இணைப்பை எடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நம் வீடுகளுக்குத் தொலைபேசிக்காக இழுக்கப்பட்ட செப்புக் கம்பியின் வழியே வந்த ஏடிஎஸ்எல் இணைப்பில், கம்பி தாங்கக்கூடிய அலைவரிசையின் பெரும்பகுதியைப் பதிவிறக்கத்துக்கும் சிறுபகுதியை மேலேற்றத்துக்கும் வடிவமைத்தவர்களே பிரித்து வைத்துவிட்டார்கள். அதன் மேம்பட்ட வடிவத்தில் பதிவிறக்கம் 24 மெகாபிட் வரை போகலாம். மேலேற்றமோ பொதுவாக ஒரு மெகாபிட்டை ஒட்டியே நின்றது. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூடச் செப்பில் சமிக்ஞை தேய்ந்துகொண்டே போகும் என்பதால், நகரத்தில் ஓரளவு ஓடிய அதே இணைப்பு ஊரின் கடைக்கோடியில் இழுபட்டது.

கண்ணாடி இழை எனப்படும் ஃபைபர் இந்த இரண்டு குறைகளையும் பெருமளவு நீக்கியது. இதில் செல்வது மின்சாரமல்ல, ஒளி. மயிர் போன்ற கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. பல கிலோமீற்றர் கடந்தும் பெரிதாகத் தேய்வதில்லை. கண்ணாடியைப் போதிய அளவு தூய்மையாக்கினால் தொலைத்தொடர்புக்கு இது பயன்படும் என்று 1966இல் எடுத்துக்காட்டிய சார்ள்ஸ் காவோ என்பவருக்கு 2009ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று வீடுகளுக்குப் பரவலாக வழங்கப்படும் ஜிபொன் முறையில், ஓர் இழை செக்கனுக்குப் பதிவிறக்கத்தில் 2.4 கிகாபிட்டும் மேலேற்றத்தில் 1.2 கிகாபிட்டும் தாங்கும் (ஒரு கிகாபிட் என்பது ஆயிரம் மெகாபிட்). அதனை வழியில் உள்ள பிரிப்பான் 32 அல்லது 64 பாவனையாளருக்குப் பகிர்ந்து கொடுக்கும். பகிர்வு இருந்தாலும், மேலேறும் வழி இறங்கும் வழியின் பாதியளவு அகலமாக இருப்பது விற்பவருக்குப் பெரிய மாற்றம்.

4ஜி இணைப்பு கோபுரத்திலிருந்து வருகிறது. இழுத்துக் கட்ட வேண்டிய கம்பி இல்லை, ரவுட்டரை வாங்கிச் சொருகினால் போதும் என்பது அதன் சிறப்பு. கோபுரத்தின் கொள்ளளவை அப்போது அதனோடு இணைந்திருக்கும் அனைவரும் பங்கிட வேண்டும் என்பது அதன் குறை; இரவு ஏழு, எட்டு மணிக்கு ஊரே படம் பார்க்கும்போது கடைக்காரரின் வேகம் சரிவது இதனால்தான். செய்மதி இணைப்பைப் பற்றிப் பழைய அபிப்பிராயம் ஒன்று உண்டு: மிகவும் இழுபடும் என்பது. பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகளுக்கு அது உண்மை. ஒரு சொல் போய்த் திரும்பவே அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்கின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால் அந்தத் தாமதம் பெரிதும் குறைந்திருக்கிறது. கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு சிறு கடைக்குத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

மருதமுனைச் சேலையும் பதினாறு நிமிடமும்

இனி நன்மை என்னவென்று ஓர் உதாரணத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம், கொழும்பில் உள்ள ஒரு கடைக்குப் புதிய சேலைகளின் படங்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முப்பது படங்கள், இன்றைய கைத்தொலைபேசியில் எடுத்தால் ஒவ்வொன்றும் சுமார் 4 மெகாபைட், மொத்தம் 120 மெகாபைட், அதாவது 960 மெகாபிட். மேலேற்ற வேகம் ஒரு மெகாபிட் உள்ள இணைப்பில் இது போய்ச் சேர 960 செக்கன், பதினாறு நிமிடம் ஆகும். அந்தப் பதினாறு நிமிடமும் அதே இணைப்பில் வேறு எவரும் எதையும் நிம்மதியாகச் செய்ய முடியாது. மேலேற்றம் 20 மெகாபிட் உள்ள இணைப்பில் அதே படங்களுக்கு 48 செக்கன்.

இவ்வளவு கனமாக ஏன் அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டால் நொடியில் போகிறதே என்று கேட்கலாம். நொடியில் போவதற்குக் காரணம், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதுதான். வெறும் நிறமும் வடிவமும் தெரிந்தால் போதும் என்றால் அதனால் நட்டமில்லை. கரையில் ஓடும் ஜரிகை எத்தனை இழை, ஊடும் பாவும் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து வாங்கும் மொத்த வியாபாரிக்கு, சுருங்கிய படத்தில் அந்த இடம் ஒரு மங்கலான பட்டையாகவே தெரியும். கைத்தறிக்கும் இயந்திரத் துணிக்கும் உள்ள வேறுபாடே அதில் மறைந்துபோகும். அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. அப்படி அனுப்பும் துணிவு, மேலேற்ற வேகம் இருப்பவருக்கே வரும்.

வீடியோ அழைப்பில் இது இன்னும் கூர்மையாகும். கட்டாரிலிருந்து ஒரு பெண், பெருநாளுக்குச் சேலை தெரிவு செய்வதற்காக அழைக்கிறார்: "தங்கச்சி, அந்தக் கரைய இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க." கடையில் உள்ளவர் சேலையைக் கமராவின் அருகே கொண்டுபோகிறார். மேலேற்றம் போதாவிட்டால், அந்த வேளையில்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். நுணுக்கமான வடிவங்கள் திரையை நிரப்பும்போது அனுப்ப வேண்டிய தரவு கூடுவதும், இணைப்பு தாங்காதபோது செயலி தரத்தைக் குறைப்பதும் ஒன்றாக நடப்பதே காரணம். வாங்குபவரின் பக்கம் எவ்வளவு வேகமான இணையம் இருந்தும் பயனில்லை. அவர் பார்ப்பது விற்பவரின் மேலேற்றத்தை. முகநூலில் நேரலையாகச் சரக்குக் காட்டுபவர்களுக்கு, ஓரளவு தெளிவான 720பி தரத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மெகாபிட் மேலேற்றம் இடைவிடாமல் வேண்டும். இடைவிடாமல் என்பதற்கு அழுத்தம் கொடுக்க வேண்டும்: ஒரு கணம் பத்தும் மறுகணம் அரையுமாக ஆடும் இணைப்பை விட, நான்கில் அசையாமல் நிற்பது மேல்.

இந்த இடத்தில் மீன் வியாபாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். கேரளாவின் வட பகுதிக் கரையோரங்களுக்கு 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசி வந்து சேர்ந்தபோது மத்தி மீன் சந்தையில் என்ன நடந்தது என்று ரொபேர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் விலை நல்லது என்று கேட்டுப் படகைத் திருப்ப முடிந்ததால், விற்காமல் வீணான மீன் இல்லாமற்போனது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவர் கொடுத்த விலையும் 4 சதவீதம் குறைந்தது. வாழைச்சேனையில் படகு வைத்திருப்பவருக்கு இது புதிய செய்தியல்ல. அவர் அதைத் தினமும் செய்கிறார். ஆனால் அதற்கு அகலப்பட்டை தேவைப்படவில்லை, சாதாரண அழைப்பே போதுமாக இருந்தது. விலையைச் சொல்வதற்குத் தொலைபேசி போதும். பொருளைக் காட்ட வேண்டிய தொழிலுக்கும், ஆவணத்தை அனுப்ப வேண்டிய தொழிலுக்கும், பலர் ஒரே இணைப்பில் வேலை செய்யும் தொழிலுக்கும்தான் அதிவேக இணைப்பின் உண்மையான நன்மை தொடங்குகிறது.

விடுதி, ஆலை, கணக்கு

பொத்துவில் அறுகம்பேயில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக் காலம். சிறு விடுதி நடத்துபவருக்கு அந்த மாதங்களில் இணையம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, முன்பதிவுத் தளங்கள். ஒரே அறையை இரண்டு தளங்களில் போட்டிருப்பவர், ஒன்றில் அறை போனதும் மற்றதில் உடனே மூட வேண்டும்; இணைப்பு விழுந்து கிடந்த மூன்று மணி நேரத்தில் அதே அறை இன்னொருவருக்கும் போய்விட்டால், பெட்டியோடு வந்து நிற்கும் விருந்தினரிடம் சொல்வதற்கு எதுவும் இராது. இதற்கு வேகம் அவ்வளவாகத் தேவையில்லை, அறுந்துபோகாத இணைப்புத் தேவை. மற்றையது, விருந்தினரின் பாவனை. தெளிவான ஒரு திரைப்படத்தை இணையத்தில் பார்க்கச் செக்கனுக்கு சுமார் 5 மெகாபிட் ஆகும். ஆறு அறைகளில் நான்கில் படம் ஓடினால் 20 மெகாபிட் அங்கேயே முடிந்தது. மடிக்கணினியோடு வந்து மாதக்கணக்கில் தங்கி, காலையில் அலைச்சறுக்கும் மாலையில் ஐரோப்பாவிலுள்ள அலுவலகத்தோடு கூட்டமும் என்று இருப்பவர்கள், அறையின் மெத்தையைப் பற்றிக் கேட்குமுன் வைஃபையின் வேகச் சோதனைப் படத்தைக் கேட்கிறார்கள்; அதில் அவர்கள் பார்ப்பதும் மேலேற்றத்தைத்தான். விருந்தினருக்கென ஒரு தனி வைஃபை வலையமைப்பை ரவுட்டரில் அமைத்து, விடுதியின் கணினியையும் பணம் பெறும் இயந்திரத்தையும் வேறாக வைத்துக்கொள்வது அவசியம். இந்த வசதி சாதாரண ரவுட்டர்கள் பலவற்றிலேயே உண்டு. பலர் திறந்தும் பார்ப்பதில்லை.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைக்காரருக்குத் தேவை வேறு. அறுவடைக் காலத்தில் நெல் லொறிகள் வரிசையில் நிற்கும்போது, தராசடியில் என்ன நடக்கிறது என்பதை வேறிடத்திலிருந்து பார்க்க விரும்புவார். சிசிடிவி கமராக்களின் பதிவு பொதுவாக ஆலையிலுள்ள பெட்டியிலேயே சேமிக்கப்படும். அதற்கு இணையமே வேண்டாம். அவர் கைத்தொலைபேசியில் திறந்து பார்க்கும்போதுதான் ஒவ்வொரு கமராவும், முழுத் தரத்தில் என்றால், 2 முதல் 4 மெகாபிட் வரை மேலேற்றத்தை எடுக்கும். நான்கு கமராவைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டூடியோக்காரரும் அச்சகக்காரரும் இந்தக் கட்டுரையை வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாண அல்பத்தை வடிவமைத்து அச்சிடக் கொழும்புக்கு அனுப்பும்போது 500 மெகாபைட் கோப்பு ஒரு மெகாபிட் இணைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுப்பதையும், பென் டிரைவில் போட்டு இரவு பஸ்ஸில் கொடுத்து அனுப்புவது அதைவிட நம்பகமாக இருந்ததையும் அவர்கள் தம் அனுபவத்திலேயே அறிவார்கள்.

கணக்கு விடயத்தில் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் இதன் நன்மை கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைக் கணக்கை இணையவழி மென்பொருளில் வைத்திருந்தால், களஞ்சியத்தில் ஒருவர் சரக்கை இறக்கிப் பதியும் அதே நேரத்தில் கடையில் உள்ளவர் இருப்பைப் பார்க்கலாம். வேறூரில் இருக்கும் கணக்காளர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கான விவரத்திரட்டை அங்கிருந்தே தயாரித்து இணையவழியில் சமர்ப்பிக்கலாம். இன்னொன்று, நம் பிரதேசத்துக்கே உரியது. 1978 நவம்பர் 23ஆம் திகதிய சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் ஊர்கள் இவை. மாரி மழைக்குக் கடைக்குள் தண்ணீர் ஏறுவது அரிதான செய்தியும் அல்ல. கடன் புத்தகமும் கணினியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். நாள்தோறும் கடை பூட்டிய பின் கணக்கின் ஒரு பிரதி இணையச் சேமிப்புக்குத் தானாகவே போகும்படி அமைத்துவிட்டால், கட்டடத்துக்கு என்ன நேர்ந்தாலும் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அழியாது. சில பொதிகளில் நள்ளிரவுக்குப் பின் பாவிப்பதற்கெனத் தனியாகத் தரப்படும் தரவை இந்த வேலைக்கு விட்டுவிடலாம்.

பணம் பெறுவதைப் பற்றி ஒரு மிகைப்படுத்தல் உலாவுகிறது: கியூஆர் குறி வைத்து வியாபாரம் செய்ய அதிவேக இணைப்பு வேண்டும் என்பது. மத்திய வங்கியின் லங்காகியூஆர் முறையில் ஒரு கொடுப்பனவுக்குப் போய்வரும் தரவு மிகச் சிறியது. பெரும்பாலும் அது வாங்குபவரின் தொலைபேசியிலிருந்தே போகிறது. 2024 பெப்ரவரி முதல் இந்தியப் பயணிகளும் தம் நாட்டு யூபிஐ செயலியால் இந்தக் குறிகளில் பணம் செலுத்தலாம் என்பதால் பாசிக்குடாவில் இளநீர் விற்பவருக்கும் அது நல்ல வாய்ப்புத்தான். ஆனால் அதற்காக ஃபைபர் எடுக்க வேண்டியதில்லை. பலசரக்கு மட்டும் விற்று, பணத்தைக் கையிலும் கியூஆரிலும் வாங்கும் கடைக்குச் சாதாரண டேட்டாப் பொதியே தாராளம்.

உலக வங்கி 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வளர்முக நாடுகளில் அகலப்பட்டைப் பாவனை 10 சதவீதப் புள்ளிகள் கூடினால் பொருளாதார வளர்ச்சி 1.38 சதவீதப் புள்ளிகள் கூடுவதாக மதிப்பிட்டது. இந்த எண்ணைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். நாட்டுக்கான கணக்கு அது. ஆரையம்பதியில் ஒரு தையற்கடை புதிய இணைப்பை எடுக்கலாமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தன் வேலையில் காத்திருப்பு எங்கே இருக்கிறது, அந்தக் காத்திருப்பால் எந்த வாடிக்கையாளர் போகிறார் என்று ஒரு கிழமை கவனித்தால் கிடைக்கும் விடையே அந்தக் கடைக்குப் பொருந்தும்.

இணைப்பு எடுத்த பின்னும் வேகம் ஏன் வருவதில்லை

முதற்காரணம் பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கும். ஃபைபர் பெட்டி வரை 100 மெகாபிட் வந்திருக்கும். ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னாலோ அரிசி மூட்டைகளுக்கு நடுவிலோ வைத்திருப்பார்கள். வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் தூரம் போகும், ஆனால் மெதுவானது, அயற்கடைகளின் ரவுட்டர்களோடு மோதிக்கொள்வது. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டப் பலம் குறைந்தது. ஆகவே வேகத்தைச் சோதிப்பவர் முதலில் கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்துச் சோதிக்க வேண்டும். அதில் வேகம் சரியாக வந்து வைஃபையில் வரவில்லையென்றால் கம்பனியோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. கம்பியிலும் வராவிட்டால், காலையிலும் மதியத்திலும் இரவிலும் எடுத்த அளவுகளைப் படம் பிடித்து வைத்து முறைப்பாடு செய்யலாம்; தீராவிட்டால் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

இரண்டாவது காரணம் மின்சாரம். பழைய செப்புத் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பியில் வந்தது. ஊர் இருளில் கிடந்தாலும் மணி அடிக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மின்வெட்டு வந்ததும் சுவரிலுள்ள பெட்டி அணைந்துவிடும், இணைப்பும் போய்விடும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில் பலர் இதை அறிந்துகொண்டார்கள். ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய யூபிஎஸ், அதாவது மின்சாரம் போனபின்னும் மின் கொடுக்கும் மின்கலப் பெட்டி, அதன் பின்னர்தான் கடைகளில் பரவலாகக் காணப்பட்டது. அதை வாங்கும்போது ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ற்றளவையும் அம்பியர் அளவையும் பார்த்து வாங்க வேண்டும். இழைப் பெட்டியும் ரவுட்டரும் வேறு வேறாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மின்சாரம் இருந்தும் இணைப்பு இல்லையென்றால் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள்: மரக்கிளை விழுந்து இழை அறுந்திருக்கலாம், அல்லது யாராவது இழையைக் கூர்மையாக மடித்திருக்கலாம். அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மாற்றம் வராது. நேரடியாகச் சேவை நிலையத்தை அழைப்பதே வழி.

மூன்றாவது, பொதியின் நிபந்தனைகள். மாதத்துக்கு இத்தனை கிகாபைட் என்று கணக்கிட்டுத் தருவது ஒருவகை. எல்லையில்லாதது என்று சொல்லி, ஓர் அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைப்பது இன்னொரு வகை. ஒப்பமிடுவதற்கு முன் விற்பனைப் பிரதிநிதியிடம் மேலேற்ற வேகம் எவ்வளவு என்று கேட்டு, அதனை எழுத்தில் பெறுங்கள். வேகம் எந்த அளவுக்குப் பின் குறையும், குறைந்தபின் எவ்வளவாக இருக்கும், கோளாறு வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வரும், இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவையும் அவரிடம் கேட்கத்தக்கவை. முதற்கேள்விக்குப் பதில் தெரியாத பிரதிநிதியைக் கண்டால் வியக்க வேண்டாம். அவரிடம் அதைக் கேட்பவர்கள் குறைவு.

படுவான்கரையில் வாவிக்கு அப்பால் உள்ள கிராமங்களில் தயிர்ச்சட்டி செய்பவருக்கும் பாற்பண்ணை வைத்திருப்பவருக்கும் வீட்டு வாசலில் இழை வராத நிலை இருக்கலாம். அவர்களுக்கு இப்போதைக்கு ஏற்றது, ஓட்டுக்கு மேலே கோபுரத்தை நோக்கிப் பொருத்தும் வெளிப்புற அன்டெனாவோடு கூடிய 4ஜி ரவுட்டர். வீட்டுக்குள் இரண்டு கோடு காட்டும் சமிக்ஞை கூரைக்கு மேலே நன்றாக இருப்பது வழமை. எந்தக் கம்பனியின் கோபுரம் அருகில் இருக்கிறது என்பதை, வெவ்வேறு சிம் உள்ள தொலைபேசிகளை அதே கூரையின் உயரத்தில் பிடித்து, இரவு எட்டு மணிக்கு மேலேற்றத்தைச் சோதித்துப் பார்த்த பின்னரே ரவுட்டரை வாங்க வேண்டும். ஏனெனில் ரவுட்டர்கள் பல, விற்ற கம்பனியின் சிம்முக்கு மட்டுமே பூட்டப்பட்டு வருகின்றன.